கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தேன், கண் பிரஷரை யாரும் பார்க்கவில்லை

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா என்ற நோயால் என் இடது கண்ணில் பார்வையின் ஒரு பகுதி போய்விட்டது. அது இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள தினமும் ராத்திரி சொட்டு மருந்து விடுகிறேன், ஆயுசு முழுக்க விட வேண்டும். எனக்கு வயது 64. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். கண்ணுக்காக நான் அலைந்த அலைச்சலும் கொட்டிக் கொடுத்த பணமும் கொஞ்சமல்ல. யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன். அறுபதை ஒட்டியவர்களும், வீட்டில் வயதான அப்பா அம்மா இருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வந்த மாற்றம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பத்தைந்து வயதிலிருந்து வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது எனக்கு. திடீரென்று ஒரு நாள் கண்ணாடி போடாமலே மளிகை பில்லின் பொடி எழுத்தைப் படித்துவிட்டேன். தெருவில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போனேன். பின்னால்தான் தெரிந்தது, கண் லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் புரை கட்டத் தொடங்கும்போது சிலருக்குக் கிட்டத்தில் இருப்பது இப்படிக் கொஞ்ச காலம் தெளிவாகத் தெரிவது வழக்கம் என்று. அதே சமயம் தூரம் மங்கிக்கொண்டே போகும். எனக்கும் அப்படித்தான். பஸ் போர்டு தெரியவில்லை, எதிரே வரும் வண்டியின் லைட் பூவாகச் சிதறியது. நிறங்களும் மஞ்சளடித்துப் போயின. பூக்காரப் பெண்ணிடம் இருபது ரூபாய் என்று நினைத்து நோட்டை நீட்டினேன். "அக்கா, இது இருநூறு" என்று திருப்பிக் கொடுத்தாள். புது இருபதும் இருநூறும் எனக்கு ஒரே மஞ்சளாகத் தெரிந்தன. அவள் நல்லவள். மற்ற கடைகளில் எத்தனை முறை இப்படிக் கொடுத்தேனோ தெரியாது. வீட்டில் பெரியவர்கள் இந்த இரண்டு நோட்டையும் மாற்றிக் கொடுத்தால் மறதி என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் முகத்தை வைக்கச் சொன்னார்கள், பவர் ஏறியிருக்கிறது என்றார்கள், தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும் புரோகிரசிவ் கண்ணாடி 8,500 ரூபாய். சில மாதத்தில் அதுவும் சரியில்லை. மறுபடி போனால் மறுபடி பவர் மாறியிருக்கிறது, லென்ஸ் மட்டும் மாற்ற 6,000. இரண்டு முறையும் கண் டாக்டரைப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பவரில் எழுத்து தெளியும் என்று மட்டும்தான் சொல்லும். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, பின்னால் இருக்கும் விழித்திரையும் நரம்பும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. சில மாத இடைவெளியில் பவர் மாறிக்கொண்டே போனால் புரை வளர்கிறது, இல்லையென்றால் சர்க்கரை ஏறி இறங்குகிறது. இரண்டுக்குமே டாக்டர்தான் வேண்டும்.

இடையில் இன்னொரு விஷயம். மாசி, பங்குனி வந்தால் எனக்குக் கண் அரிக்கும், சிவக்கும். ஒரு தடவை பக்கத்து கிளினிக்கில் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். விட்ட இரண்டாம் நாளே கண் குளிர்ந்துவிட்டது. எத்தனை நாள் விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சீட்டில் இல்லை. அதன்பிறகு கண் அரித்தாலே மெடிக்கலில் காலி பாட்டிலைக் காட்டுவேன், பேசாமல் எடுத்துக் கொடுப்பார்கள். 40, 50 ரூபாய்தான். அதில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், புரையும் சீக்கிரம் வரும். வலி இருக்காது என்பதால் அழுத்தம் ஏறுவது விடுகிறவருக்கே தெரியாது. உங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவிலோ சாமி அலமாரியிலோ கண் மருந்து பாட்டில் இருந்தால் இப்போதே எடுத்து, அதன்மேல் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடக்கூடாது. ஆஸ்துமாவுக்கும் தோல் வியாதிக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் பார்த்தது கொஞ்ச நேரம். "புரைம்மா, இடது கண் முதல்ல பண்ணிடலாம்" என்றார். அப்புறம் கவுன்சலர் என்று ஒரு பெண் தனி அறைக்கு அழைத்துப்போய் புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களின் அட்டையைக் காட்டினாள். கண்ணாடியே தேவைப்படாத மல்டிஃபோக்கல் லென்ஸ் 68,000. சாதாரண லென்ஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது இந்தியன் லென்ஸ்மா, கொஞ்ச வருஷம்தான் வரும்" என்றாள். பயமாக இருந்தது. மகனுக்கு போன் போட்டால் அவன் ஷிஃப்டில் இருந்தான். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் 5,000 அட்வான்ஸ் கட்டினேன், லென்ஸ் அளவெடுக்கத் தனியாக 1,500.

லென்ஸ் விஷயம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எந்த நாட்டில் செய்ததானாலும் ஆயுசுக்கும் இருக்கும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தது, அதுவும் மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன கையோடு. வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை என்பதால் 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகவே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மதுரையில் செய்யும் லென்ஸ் வெளிநாடுகளுக்குப் போகிறது. அதைத்தான் கொஞ்ச வருஷம் வரும் என்று என்னிடம் சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் மனசு கொதிக்கிறது.

இன்சூரன்ஸும் கைவிட்டது. என் பாலிசி மூன்று லட்சத்துக்கு. ஆனால் புரை ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்கு 25,000 தான் தருவார்களாம், உள்ளே பொடி எழுத்தில் இருக்கிறது. பல பாலிசிகளில் புரைக்கு இப்படி வரம்பு உண்டு, எடுத்த புதிதில் இரண்டு வருஷம் வரை காத்திருப்புக் காலமும் உண்டு. ஆகவே மருத்துவமனைக்காரர்கள் "கேஷ்லெஸ்தான், கவலைப்படாதீங்க" என்று சொன்னால் நம்பி உட்காராதீர்கள். புரைக்கு ஒரு கண்ணுக்கு எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேராகவே போன் போட்டோ மெயில் போட்டோ கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால்தான் பிரயோஜனம்.

இத்தனை குழப்பத்தோடு தெருமுனையில் நின்றிருந்தபோதுதான் எங்கள் தெருவில் இருக்கும், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா கேட்டார்: "கண்ணுல பிரஷர் பாத்தாங்களா? மருந்து விட்டு நரம்பைப் பாத்தாங்களா?" சீட்டை வாங்கிப் பார்த்தார். பிரஷர் எழுதும் இடம் காலியாக இருந்தது. "ஆபரேஷனை நிறுத்து, வேற இடத்துல காட்டு" என்றார். நிறுத்தினேன். அட்வான்ஸ் திரும்ப வரவில்லை.

அடுத்து போனது வெளியூரில் ஒரு தர்ம கண் மருத்துவமனை. விடிகாலை பஸ் பிடித்துத் தனியாகத்தான் போனேன். கூட்டம் சொல்லி மாளாது. ஆனால் ஒவ்வொரு மேசையாக எல்லாம் முறைப்படி நடந்தது. எழுத்து படிக்கச் சொன்னார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்து, நீல வெளிச்சத்தில் ஒரு சின்ன முனையைக் கருவிழியில் தொட்டு அழுத்தம் பார்த்தார்கள். வலியே இல்லை. சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்க வேண்டும். எனக்கு இடது கண்ணில் 34, வலதில் 27. அதற்குப் பிறகு ஒரு கண்ணாடி வில்லையைக் கண்ணில் வைத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற ஓர இடுக்கு, கோணம் என்கிறார்கள், அது திறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தக் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்குக் கண் பாப்பாவை விரிக்கும் மருந்தே ஆபத்தாகிவிடலாம் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுகிறார்கள். எனக்குத் திறந்துதான் இருந்தது. மருந்து விட்டுப் பாப்பா விரிந்ததும் நரம்பைப் பார்த்தார் டாக்டர். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மௌனத்திலேயே எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டது.

இன்னொரு நாள் வரச்சொல்லி, சுற்றிலும் எந்தெந்த இடம் தெரிகிறது என்று பார்க்கும் பீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக் குடுவைக்குள் பார்த்தபடி முகவாயை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது கண்ணுக்கு மாற்றியதும் நெடு நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இல்லம்மா, ஓடிட்டுதான் இருக்கு, நீங்க பாருங்க" என்றாள். அப்போதுதான் புரிந்தது. தாளில் அச்சாகி வந்தபோது மேல் பாதியில் கன்னங்கரேலென்று ஒரு திட்டு. அத்தனை நாளும் அந்த இடத்தை வலது கண்ணும் மூளையும் சேர்ந்து நிரப்பிக் காட்டியிருக்கின்றன. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. மாதம் ஒரு முறையாவது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரையும் ஜன்னல் கம்பியையும் பாருங்கள். ஒரு கண்ணுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, கம்பி நெளிந்து தெரிந்தாலோ உடனே போங்கள். நெளிவது விழித்திரையின் மையம் கெடுவதற்கு அடையாளம், அது வேறு நோய். ஆனால் ஒன்று, என்னுடைய நோய் ஆரம்பத்தில் இருந்தால் இந்தப் பரீட்சையிலும் அகப்படாது.

இதுதான் முதலில் சொன்ன கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்று எழுதியிருந்தார்கள். கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறி வடிந்துகொண்டே இருக்கும். வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். முதலில் ஓரப் பார்வை போகும், நேர்ப்பார்வை கடைசி வரை நிற்கும். அதனால் எழுத்துப் பலகையில் எல்லா வரியையும் படிக்கிறவருக்குக்கூட இது இருக்கலாம். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்களும் உண்டு, ஆகவே பிரஷரை மட்டும் பார்த்தால் போதாது. புரையினால் போன பார்வையை ஆபரேஷன் திருப்பிக் கொடுத்துவிடும். நரம்பு போனால் போனதுதான். என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான். வயசானவர் பார்வை மங்குகிறது என்றால் எல்லோரும் புரை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், புரைக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

டாக்டர் கேட்ட ஒரு கேள்வி என்னைக் கலங்கடித்துவிட்டது. "வீட்டில் யாருக்காவது இப்படிப் பார்வை போயிருக்கிறதா?" எங்கள் அம்மாவுக்குப் போயிருந்தது. எழுபது வயதில் சுவரைத் தடவித் தடவித்தான் கொல்லைக்குப் போவாள். புரை ஆபரேஷன் செய்தும் தெளியவில்லை, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம், அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடிய நோய். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிட ஆபத்து அதிகம். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்காகவும் அழுதேன்.

பாப்பாவை விரிக்கும் மருந்து விடுகிற நாளில் தனியாகப் போகாதீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கலாகவே இருந்தது, வெயில் கண்ணைக் குத்தியது. பஸ் ஸ்டாண்டில் எந்த போர்டும் தெரியவில்லை, ஒரு கல்லூரிப் பையன்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியோ குடையோ எடுத்துப்போங்கள். நோட்டுகளை முதல் நாளே பிரித்துத் தனித்தனி உறையில் வையுங்கள். அன்றைக்கே திரும்ப வேண்டுமென்றால் மாலை வெயில் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். அவசரப்பட்டு வெளியே வந்து படியில் விழுந்தால் அது வேறு செலவு.

சொட்டு மருந்து ஆரம்பித்து அழுத்தம் இறங்கிய பிறகு அதே இடத்தில் இடது கண் புரையை எடுத்தார்கள். ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவாகக் காட்டும் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ், எல்லாம் சேர்த்து 14,000 ஆனது. காலையில் போய் மாலையில் வந்துவிட்டேன். மல்டிஃபோக்கல் லென்ஸ் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அது வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதால் மங்கலான இடத்தில் பார்வையின் கூர்மை குறையும், நரம்பு பழுதானவர்களுக்குப் பொதுவாக வைப்பதில்லை என்றார். முதல் இடத்தில் 68,000 வாங்கிக்கொண்டு அதைத்தான் வைத்திருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தரும் மருந்திலும் ஸ்டீராய்டு இருக்கும். அதனால் அந்த நாட்களில் அழுத்தத்தை அடிக்கடி பார்த்து, சொன்ன நாளில் குறைத்து நிறுத்தினார்கள். புரை முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய காலம். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருந்தாலே எடுத்துவிடலாம். ரொம்ப முற்றவிட்டால் அந்தப் புரையே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். பணம் இல்லையே என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் லென்ஸோடு சேர்த்து இலவசமாகச் செய்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

சொட்டு மருந்து விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நின்றுகொண்டு அண்ணாந்து விட்டு, பாதி கன்னத்தில் வழிந்து, மாதக் கடைசிக்குள் பாட்டில் தீர்ந்துவிடும் எனக்கு. ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். படுத்துக்கொண்டு கீழ் இமையை இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக்கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போகாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷமாவது விட வேண்டும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, ஒரு மாதம் ஆனதும் புதிது திறக்கிறேன். எனக்கு வீசிங் உண்டு என்று சொன்னதால்தான் டிமோலால் என்ற சொட்டு மருந்தைத் தராமல் லட்டனோபிராஸ்ட் என்ற வேறொன்றைக் கொடுத்தார்கள். டிமோலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். கண் மருந்துதானே என்று மூச்சு, இருதயப் பிரச்சினைகளைச் சொல்லாமல் விடாதீர்கள். மாதம் 450 ரூபாய் ஆகிறது. ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டால் அந்த நாட்களில் அழுத்தம் ஏறும் என்பதால் கைப்பையில் எப்போதும் ஒன்று வைத்திருக்கிறேன்.

காத்திருக்கும் இடத்தில் பார்த்தவர்களையும் மறக்க முடியவில்லை. பாபநாசத்திலிருந்து வந்திருந்த ஒருவருக்குக் கண்ணில் மின்னல் மின்னலாக வந்து, கரும்புள்ளிகள் மிதந்து, ஓரத்திலிருந்து திரை விழுந்திருக்கிறது. வலி இல்லையே என்று பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டார். விழித்திரை பிரிந்துவிட்டது. அது அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம். இன்னொரு பாட்டிக்குத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கண் சிவந்து விளக்கைச் சுற்றி வானவில் வட்டம். வயிற்றுக் கோளாறு என்று இரண்டு நாள் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். கண் அழுத்தம் திடீரென்று ஏறியதால் வந்தது அது. வலியே இல்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டாலும் காத்திருக்கக் கூடாது, பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாகக்கூட அது வரும். சர்க்கரை இருப்பவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். அப்படி விட்டுக் கருவிழியில் புண் வந்தவர்களை அங்கே பார்த்தேன்.

திருப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு வயது 58. முதலில் "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் தெரியுது" என்றான். என் பீல்டு டெஸ்ட் தாளை போனில் அனுப்பி, இது தெரிகிற வரைக்கும் எனக்கும் நல்லாத்தான் தெரிந்தது என்றேன். மறு வாரமே போனான். அழுத்தம் 25, நரம்பு இதுவரை கெடவில்லை, சொட்டு மருந்து ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச்சொல்லியிருக்கிறார்கள். அவன் மகளுக்கு நாற்பது ஆகப்போகிறது. "அத்தை, எனக்கும் பாக்கணுமா?" என்று கேட்டாள். கட்டாயம் பார்க்கணும் என்றேன். மார்ச் மாதத்தில் உலக கிளாக்கோமா வாரம் வருகிறது, பல கண் மருத்துவமனைகளில் அப்போது இலவசமாகவே பரிசோதனை செய்கிறார்கள். இந்த வருஷம் அவளைக் கூட்டிக்கொண்டு நானே போகிறேன்.